வயதின் தளர்ச்சியும் வலியின் தளர்ச்சியும்

கேள்வி: நான் வீட்டிலிருந்தே வேலை செய்பவள். கணவர், எழுபது வயதைக் கடந்த மாமியார், நான்கு வயது ஆண் நாய் ஆகியோருடன் வசிக்கிறேன். ஒரு வீட்டின் பின்புறத்தில் பல ஆண்டுகள் சங்கிலியில் கட்டிப்போடப்பட்டு, வீட்டைக் காலி செய்தவர்களால் அங்கேயே விடப்பட்ட ஒரு பெண் நாயை, விலங்கு மீட்புக் குழு ஒன்று இரண்டு நாள்களுக்கு முன் மீட்டிருக்கிறது. பத்து வயதிருக்கும் என்கிறார்கள். இருபது கிலோ இருக்க வேண்டிய உடல்வாகு. இப்போது 14 கிலோதான் இருக்கிறது. ரோமம் சடை பிடித்திருக்கிறது, நகங்கள் வளைந்து பாதத்தில் குத்துகின்றன, வாய் நாறுகிறது, பால்மடியில் ஒரு கட்டி இருக்கிறது, இரவில் இருமுகிறது, எழுந்து நிற்கச் சிரமப்படுகிறது. கருத்தடை செய்யப்படவில்லை. நிரந்தர வீடு கிடைக்கும்வரை எங்களிடம் வைத்துக்கொள்ள முடியுமா என்று குழுவினர் கேட்கிறார்கள். எனக்கு விருப்பம்தான். ஆனால் எதை முதலில் செய்வது என்று தெரியவில்லை. இந்த வயதில் அறுவை சிகிச்சை செய்வது கொடுமையா? எங்கள் நாய்க்கும் மாமியாருக்கும் ஆபத்து வருமா? "ஓரிரு ஆண்டு வாழப்போகும் நாய்க்கு இவ்வளவு பாடு தேவையா?" என்கிறார் கணவர். பழகிய பின் வேறு வீட்டுக்கு அனுப்பினால் அது மறுபடியும் கைவிடப்பட்டதாக உணராதா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நீங்கள் வரிசைப்படுத்தியிருக்கும் குறைகளை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். சடை, நகம், வாய் நாற்றம், எடைக் குறைவு ஆகிய நான்கும் முதுமையால் வந்தவை அல்ல, கவனிப்பின்மையால் வந்தவை. எழுந்து நிற்கச் சிரமப்படுவதில் மூட்டுத் தேய்மானத்தின் பங்கு எவ்வளவு, பாதத்தில் குத்தும் நகத்தின் பங்கு எவ்வளவு, தசை கரைந்ததன் பங்கு எவ்வளவு என்பது இன்னும் யாருக்கும் தெரியாது. நெடுநாள் புறக்கணிக்கப்பட்ட முதிய நாய்களைப் பார்க்கும்போதெல்லாம் நான் முதலில் கேட்டுக்கொள்ளும் கேள்வி இதுதான்: இதில் வயதால் வந்தது எது, வலியாலும் பட்டினியாலும் வந்தது எது? முன்னதை நம்மால் தாங்கிப்பிடிக்கத்தான் முடியும். பின்னதைப் பெரும்பாலும் நீக்கிவிடவே முடியும். அறுவை சிகிச்சை குறித்த உங்கள் கேள்வி, உங்கள் கணவரின் கேள்வி இரண்டுக்குமே இந்தப் பாகுபாடு தெளிந்த பிறகுதான் நேர்மையான விடை சொல்ல முடியும். பத்து வயது என்பதுகூட ஊகமே. வளர்ந்த நாயின் வயதைப் பல்லைப் பார்த்துத்தான் மதிப்பிடுகிறோம். பராமரிக்கப்படாத வாயில் அந்த மதிப்பீடு எளிதாகத் தவறிவிடும். சங்கிலியைக் கடித்துத் தேய்ந்த பற்கள் உண்மையான வயதைவிடக் கூடுதலாகக் காட்டுவதும் உண்டு.

முதல் நாள்களில் செய்ய வேண்டியதைவிடச் செய்யக் கூடாதது முக்கியம். பசித்திருக்கும் உயிருக்கு வயிறு நிறைய உணவு வைக்க வேண்டும் என்றுதான் எவருக்கும் தோன்றும். உடல் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இழந்த நாய்க்கு அதுவே உயிராபத்தாக முடியலாம். நீண்ட பட்டினியில் உடல் தன் கொழுப்பையும் தசையையும் எரித்து வாழப் பழகிவிடுகிறது. அந்த நிலையில் திடீரென்று மாவுச்சத்து மிகுந்த உணவு நிறையச் சென்றால், இன்சுலின் பெருமளவு சுரந்து, ரத்தத்தில் இருக்கும் பாஸ்பரஸ், பொட்டாசியம், மெக்னீசியம் ஆகியவற்றைச் செல்களுக்குள் இழுத்துக்கொள்கிறது. ரத்தத்தில் அவற்றின் அளவு சரிந்தால் தசைகள் தளரும், நடை தள்ளாடும், மூச்சு வாங்கும், சிவப்பணுக்கள் உடையும், வலிப்பும் இதயத் துடிப்புக் கோளாறும் வரலாம். இந்தச் சரிவு உணவு தொடங்கிய முதல் சில நாள்களில் நிகழ்வது. நாய் நன்றாகச் சாப்பிடுகிறது என்று வீட்டார் நிம்மதி அடையும் நேரமும் அதுதான் என்பதால், சோர்வை 'வயிறு நிறைந்த தூக்கம்' என்று எண்ணி விட்டுவிடுகிறார்கள்.

எவ்வளவு கொடுப்பது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. நடுத்தர எடையுள்ள நாய்க்கு, அதன் கிலோ எடையை 30-ஆல் பெருக்கி 70-ஐக் கூட்டினால், அசையாமல் படுத்திருக்கும் உடலுக்கு ஒரு நாளைக்குத் தேவையான ஆற்றல் கிலோகலோரியில் ஏறத்தாழக் கிடைக்கும். உங்கள் நாய்க்கு 14 கிலோ என்றால் 490. முதல் நாள் அதில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை, அதாவது 120 முதல் 160 கிலோகலோரி மட்டுமே, நான்கைந்து சிறு வேளைகளாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். பிறகு நான்கைந்து நாள்களில் படிப்படியாக முழு அளவுக்குக் கொண்டுவரலாம். அதையும் தாண்டி எடை ஏறுவதற்கான கூடுதல் உணவு, உடல் இந்த அளவை ஏற்றுக்கொண்ட பிறகுதான். புரதமும் கொழுப்பும் மிகுந்து, மாவுச்சத்துக் குறைந்த உணவு நல்லது. உணவைத் தொடங்கும் முன்பே தயாமின் எனப்படும் பி1 வைட்டமின் கொடுக்கும்படியும், முதல் சில நாள்களில் பாஸ்பரஸ், பொட்டாசியம் அளவுகளைப் பரிசோதிக்கும்படியும் மருத்துவரிடம் கேளுங்கள். குழுவினர் இந்த இரண்டு நாள்களில் என்ன கொடுத்தார்கள், எவ்வளவு கொடுத்தார்கள் என்பதையும் இன்றே விசாரித்துவிடுங்கள். குடிநீருக்கு மட்டும் கட்டுப்பாடு வேண்டாம். ஆனால் எவ்வளவு குடிக்கிறது என்பதை அளந்து குறித்துவையுங்கள். ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளில் 100 மில்லிலிட்டருக்கு மேல், அதாவது இந்த நாய் 1.4 லிட்டருக்கு மேல் குடித்தால், சிறுநீரகக் கோளாறு, நீரிழிவு, கர்ப்பப்பைச் சீழ் ஆகியவை இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டியிருக்கும்.

வந்த அன்றே குளிப்பாட்டாதீர்கள். கொழுப்பில்லாத உடல் நனைந்தால் வேகமாகக் குளிர்ந்துவிடும். சடை நனைந்தால் மேலும் இறுகும். சடையைக் கத்தரிக்கோலால் வெட்டவும் முயல வேண்டாம். தோல் சடையோடு சேர்ந்து கூடாரமாக இழுபட்டிருக்கும். எது ரோமம், எது தோல் என்று கண்ணுக்குத் தெரியாது. மருத்துவமனையில், தேவைப்பட்டால் லேசான மயக்கத்தில், மின் கத்தரிப்பானால் அகற்றச் சொல்லுங்கள். சடைக்கு அடியில் புண்ணோ புழுவோ இருந்தால் அப்போதுதான் தெரியவரும். பாதத்துக்குள் புதைந்த நகத்தையும் வலி நிவாரணி கொடுத்த பிறகே வெட்ட வேண்டும். இந்த இரண்டு வேலைகள் முடிந்த மறுநாளே நடையில் வரும் மாற்றத்தைக் கவனித்து எழுதிவையுங்கள். மூட்டுக்கு மருந்து தொடங்குவதற்கு முன்பே எவ்வளவு சிரமம் குறைந்துவிட்டது என்பது அந்தக் குறிப்பிலிருந்து மருத்துவருக்குத் தெரியும்.

பரிசோதனைகளைப் பொறுத்தவரை, எல்லாவற்றையும் செய்யச் சொல்வதைவிட எதற்காகச் செய்கிறோம் என்று தெரிந்து செய்வதே செலவையும் நாயின் சிரமத்தையும் குறைக்கும். ரத்தப் பரிசோதனையோடு சிறுநீர்ப் பரிசோதனையும் கட்டாயம் வேண்டும். சிறுநீரகத்தின் செயல்திறனில் ஏறத்தாழ முக்கால் பங்கு போன பிறகே ரத்தத்தில் கிரியாட்டினின் உயர்கிறது. அதிலும் கிரியாட்டினின் தசையிலிருந்து உருவாவது என்பதால், தசை கரைந்த இத்தகைய நாயில் அது இயல்பாக இருப்பதுபோலவே காட்டும். எனவே சிறுநீரின் அடர்த்தியையும் அதில் புரதம் கசிகிறதா என்பதையும் பார்க்காமல் 'கிட்னி நன்றாக இருக்கிறது' என்ற முடிவுக்கு வரக்கூடாது. வசதி இருந்தால் தசையின் அளவால் பாதிக்கப்படாத எஸ்.டி.எம்.ஏ. பரிசோதனையையும் சேர்க்கலாம். உண்ணிகளால் பரவும் எர்லிக்கியா, பபேசியா போன்ற நோய்களுக்கும், கொசுவால் பரவும் இதயப்புழுவுக்கும் பரிசோதித்துவிடுங்கள். இதயப்புழுப் பரிசோதனை முடியும்வரை புழுநீக்க ஊசிகளையும் உண்ணி மருந்துகளையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். ரத்தத்தில் இதயப்புழுவின் நுண்புழுக்கள் நிறைய இருக்கும் நாய்க்குச் சில மருந்துகள் அவற்றை ஒரே சமயத்தில் கொன்று அதிர்ச்சி நிலையை உண்டாக்கக்கூடும்.

மார்பு எக்ஸ்ரேயைத் தள்ளிப்போடாதீர்கள். இரவு இருமல் எங்கிருந்து வருகிறது, பால்மடிக் கட்டி நுரையீரலுக்குப் பரவியிருக்கிறதா, மயக்க மருந்தை உடல் தாங்குமா என்னும் மூன்று கேள்விகளுக்கும் அது ஒருசேர வெளிச்சம் தரும். பக்கவாட்டில் இரண்டு, மேலிருந்து ஒன்று என மூன்று கோணங்களில் எடுக்கச் சொல்லுங்கள். ஒரே பக்கத்தில் எடுத்தால், கீழே அமுங்கிய நுரையீரலில் இருக்கும் சிறு முடிச்சுகள் தெரியாமல் போய்விடும்.

இருமலைப் பற்றி நீங்கள் வீட்டில் செய்யக்கூடிய, எந்தக் கருவியும் தேவைப்படாத ஒரு வேலை இருக்கிறது. நாய் ஆழ்ந்து தூங்கும்போது, கனவில் கால்கள் துடிக்காத நேரமாகப் பார்த்து, சற்றுத் தள்ளி உட்காருங்கள். விலா எலும்புகள் உயர்ந்து தாழ்வது ஒரு மூச்சு. கைக்கடிகாரத்தைப் பார்த்து முப்பது விநாடி எண்ணி இரட்டிப்பாக்குங்கள். தூக்கத்தில் நிமிடத்துக்கு 30-க்குக் கீழே இருப்பதே இயல்பு. நாள்தோறும் குறித்துவந்தால் அந்த நாயின் வழக்கமான எண் எது என்று ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். பிறகு ஓர் இரவில் அந்த எண் 30-ஐத் தாண்டி, சிறிது நேரம் கழித்து எண்ணினாலும் குறையவில்லை என்றால், நுரையீரலில் நீர் கோக்கத் தொடங்கியிருக்கலாம்; விடியும்வரை காத்திருக்க வேண்டாம். ஈறு நீலம் பாய்வது, கழுத்தை நீட்டி உட்கார்ந்தபடியே மூச்சு விடுவது, படுக்க மறுப்பது ஆகியவை அதைவிட அவசரமானவை. இருமலுக்கு இதயக் கோளாறே காரணம் என்று உறுதியானால், பிமோபெண்டான், ஃபியூரோசமைடு போன்ற மருந்துகளால் பல நாய்கள் மாதக்கணக்கில், சில ஆண்டுக்கணக்கில் நன்றாக வாழ்கின்றன. காரணம் எதுவானாலும் கழுத்துப்பட்டையை எடுத்துவிட்டு மார்புப்பட்டை போடுங்கள். பல ஆண்டுகள் சங்கிலி அழுத்திய கழுத்துக்கும் அதுவே நல்லது.

இனி வலி. நாய்கள் நெடுநாள் வலியைக் குரைத்தோ முனகியோ காட்டுவதில்லை என்பதால்தான் அதை வயோதிகம் என்று எண்ணிவிடுகிறோம். என்னிடம் கொண்டுவரப்பட்ட ஒரு முதிய நாய் உணவுத் தட்டின் முன் நின்று, ஒரு துண்டை எடுக்கும், தலையை இடப்பக்கமாகச் சாய்க்கும், துண்டு வாயிலிருந்து விழும். மறுபடி எடுக்கும், மறுபடி சாய்க்கும். வீட்டார் அதற்குப் பசி மந்தம் என்றார்கள். வயதாகிவிட்டதால் விளையாட்டில் ஆர்வம் இல்லை என்றார்கள். வலப்பக்கக் கடைவாயில் ஒரு பல் வேர்வரை பிளந்து, கன்னத்தின் உள்ளே சீழ் கட்டியிருந்தது. பல்லை எடுத்துப் புண் ஆறிய பிறகு, அது தட்டைக் காலி செய்ததோடு, மூலையில் கிடந்த பந்தையும் தானாகப் போய் எடுத்துவந்தது. உங்கள் நாயிடமும் இப்படிப்பட்ட சிறு அடையாளங்களைத் தேடுங்கள்: ஒரு பக்கமாக மெல்லுவது, ஓய்வில் இருக்கும்போதே மூச்சிரைப்பது, ஒரே மூட்டைத் திரும்பத் திரும்ப நக்குவது, படுக்கும் முன் பலமுறை சுற்றிச் சுற்றி இடம் பார்ப்பது, தொட்டால் உடலை இறுக்கிக்கொண்டு உதட்டை நக்குவது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். மனிதர்களுக்கான வலி மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை நாயின் இரைப்பையில் துளை விழச் செய்யும். சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும். நாய்களுக்கென்றே உள்ள கார்ப்ரோஃபென், மெலாக்சிகாம் போன்றவையும் ரத்த, சிறுநீர் முடிவுகள் வந்த பிறகு, உடலில் நீர்ச்சத்து சரியான பிறகு, மருத்துவர் சொன்ன அளவில்தான் தொடங்கப்பட வேண்டும். ஸ்டீராய்டு மருந்தோடு இவற்றைச் சேர்த்துக் கொடுக்கவே கூடாது. எனவே குழுவினர் முன்பே ஏதேனும் ஊசி போட்டிருந்தால் அதன் பெயரைக் கேட்டு வாங்குங்கள். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் வேறு வகை மருந்துகள் உண்டு. மூட்டு வலிக்கு மாதம் ஒருமுறை போடும் பெடின்வெட்மாப் ஊசியும் இப்போது இருக்கிறது. வழுக்கும் தரையில் விரிப்புகள் போடுவது, கனமான மெத்தை, ஒரு நாளில் பல முறை குறுகிய நடை ஆகியவை எந்த மருந்தோடும் ஒத்துப்போகும்.

அறுவை சிகிச்சை கொடுமையா என்று கேட்டிருக்கிறீர்கள். வயதை மட்டும் காரணம் காட்டி மயக்க மருந்தை மறுப்பதை நான் ஏற்பதில்லை. இதயம், சிறுநீரகம், ரத்த அளவு ஆகியவை எந்த நிலையில் இருக்கின்றன என்பதே ஆபத்தைத் தீர்மானிக்கிறது. பத்து வயதில் அவை நன்றாக இருக்கும் நாயும் உண்டு, ஐந்து வயதில் கெட்டுப்போன நாயும் உண்டு. ஆனால் உங்கள் நாய்க்கு இன்று அறுவை சிகிச்சை செய்வது தவறு. பட்டினி கிடந்த உடலில் புண் ஆறாது, தொற்றை எதிர்க்கும் வலு இராது. உணவு செரித்து, எடை ஏறத் தொடங்கி, ரத்த சோகை இருந்தால் அது சீராகி, இருமலின் காரணமும் தெரிந்த பிறகு நாள் குறிக்கலாம். அதற்குச் சில வாரங்கள் ஆகும். அந்த வாரங்களை உங்கள் வீட்டில் கழிப்பதுதான் நீங்கள் இந்த நாய்க்குச் செய்யும் மருத்துவம். கூண்டில் அடைபட்டு, மற்ற நாய்களின் குரைப்பில் தூக்கமிழந்து கிடக்கும் நாய்க்கு இந்த மீட்சி மெதுவாகவே வரும்.

நாயின் பால்மடிக் கட்டிகளில் ஏறத்தாழப் பாதி தீங்கற்றவை. கட்டி மூன்று சென்டிமீட்டருக்குள் இருக்கும்போதே எடுத்துவிட்டால், அது புற்றுநோயாகவே இருந்தாலும் பலன் நன்றாக இருக்கும். எனவே கட்டியை இன்றே அளந்து, மாதத்துக்கு இருமுறையாவது அளந்து எழுதுங்கள். எடுத்த கட்டியைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பாமல் விடாதீர்கள். பால்மடி முழுவதும் சிவந்து, சூடாக, கெட்டிப்பட்டு, தொட்டாலே வலித்தால் நிலைமை வேறு. அழற்சி வகைப் புற்றுநோயாக இருந்தால் கத்தி வைப்பதால் பயனில்லை, வலியைக் குறைப்பதே சிகிச்சை. கட்டியை எடுக்கும்போதே கருத்தடையும் செய்துவிடுவது பொதுவாக நல்லது. கருத்தடை செய்யப்படாத முதிய பெண் நாய்களுக்கு இனச்சேர்க்கைப் பருவம் முடிந்த சில வாரங்களில் கர்ப்பப்பையில் சீழ் கோக்கும் ஆபத்து எப்போதும் உண்டு. அறுவைக்கு முந்தைய காலத்தில் அதிகத் தாகம், வாந்தி, சோர்வு, பிறப்புறுப்பிலிருந்து கசிவு ஆகியவற்றில் எதைக் கண்டாலும் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். சீழ் வெளியே கசியாமல் உள்ளேயே அடைபட்ட நிலைதான் அதிக ஆபத்தானது. பல் சிகிச்சையைக் கட்டி அறுவையோடு ஒரே மயக்கத்தில் செய்வதா, பிரித்துச் செய்வதா என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. வாயின் கிருமிகள் சுத்தமான அறுவைப் புண்ணை எட்டக்கூடும் என்பதால் பிரிப்பதையே நான் விரும்புவேன். ஆனால் இதயம் பலவீனமான நாயை இருமுறை மயக்குவதைவிட ஒருமுறை மயக்குவது பாதுகாப்பு என்று உங்கள் மருத்துவர் சொன்னால் அதிலும் நியாயம் இருக்கிறது.

உங்கள் வீட்டு நாயைப் பற்றிக் கவலைப்படுவது சரியே. முதல் இரண்டு வாரம் இரண்டையும் தனித்தனி அறைகளில் வையுங்கள். தட்டு, படுக்கை, விரிப்பு எதையும் பகிர வேண்டாம். உங்கள் நாயின் தடுப்பூசிகள் காலாவதியாகவில்லை என்பதை முன்பே உறுதி செய்யுங்கள். புதிய நாய்க்குத் தடுப்பூசி எப்போது என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். சொறி இருந்தால் எந்த வகை என்று தோலைச் சுரண்டிப் பார்க்க வேண்டும். ஒரு வகை மனிதர்களுக்கும் தொற்றி அரிப்பு தரும், இன்னொரு வகை தொற்றாது. மாமியார் நாயின் சிறுநீரைத் துடைக்கவோ புண்ணைத் தொடவோ வேண்டாம். எலிக்காய்ச்சல் நாயின் சிறுநீர் வழியே மனிதருக்கு வரக்கூடும் என்பதால் நீங்களும் கையுறை அணியுங்கள். அவர் நடக்கும் பாதையில் நாய் படுத்துவிடாதபடி படுக்கையை ஒரு மூலையில் அமைப்பது இன்னும் முக்கியம். முதியவர் தடுக்கி விழுவது தொற்றைவிட நிகழ வாய்ப்புள்ள விபத்து.

நாய்கள் முதன்முதலாகச் சந்திப்பது வீட்டுக்கு வெளியே, இரண்டும் வாரில் இருக்க, இணையாக நடந்தபடி நிகழட்டும். உணவு நேரத்தில் எப்போதும் பிரித்து வையுங்கள். வலியில் இருக்கும் நாய், முகரவரும் இளநாயைப் பார்த்து உறுமினால் அதைக் கண்டிக்காதீர்கள். உறுமல் ஓர் எச்சரிக்கை, அதை அடக்கினால் அடுத்து வருவது எச்சரிக்கையில்லாத கடி. யாரையேனும் கடித்துவிட்டாலோ பல் பட்டுவிட்டாலோ, சிறு கீறலாக இருந்தாலும், ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவரிடம் போய் ரேபிஸ் தடுப்பூசியைத் தொடங்குங்கள். நாயின் கடந்தகாலம் தெரியாதபோது 'வீட்டு நாய்தானே' என்ற சமாதானம் கூடாது. மீட்கப்பட்ட நாய்களைத் தொடர்ந்து கவனிக்கப்போகிறீர்கள் என்றால், கடிபடும் முன்பே போட்டுக்கொள்ளும் தடுப்பூசியை, ஒரு வார இடைவெளியில் இரண்டு தவணையாக, நீங்களும் கணவரும் போட்டுக்கொள்வது விவேகம்.

சங்கிலியிலேயே வாழ்ந்த நாய்க்கு வீட்டின் உள்ளே எப்படி இருப்பது என்பதே புதிது. சங்கிலி நீளத்துக்கு அப்பால் போகலாம் என்பதை அது அறியச் சில வாரங்கள் ஆகலாம். அறையின் நடுவில் வட்டமாக நடந்துகொண்டிருந்தால் பொறுத்திருங்கள். இரவில் விழித்து உலவுவது, சுவரைப் பார்த்து நிற்பது, மூலையில் சிக்கி வெளியேறத் தெரியாமல் திகைப்பது ஆகியவை முதுமை மறதியின் அறிகுறிகளாக இருக்கலாம். பார்வைக் குறைவும் சிறுநீர்த் தொற்றும் வலியும்கூட இதே தோற்றத்தைத் தரும் என்பதால், மறதி என்ற முடிவு கடைசியாகத்தான் வர வேண்டும். காது கேட்கிறதா என்று உறுதியாகும்வரை தூங்கும் நாயைத் தொட்டு எழுப்பாதீர்கள். தரையைத் தட்டி அதிர்வால் எழுப்புங்கள். முதிய நாய்களுக்குத் திடீரென்று தலை ஒரு பக்கம் சாய்ந்து, கண்கள் இடவலமாகத் துடித்து, நிற்க முடியாமல் உருண்டு விழும் நிலை ஒன்று உண்டு. பார்ப்பவர்கள் பக்கவாதம் என்று பதறி, இனி இதற்கு வாழ்வில்லை என்று முடிவெடுத்துவிடுகிறார்கள். அது பெரும்பாலும் உட்செவியின் சமநிலைக் கோளாறு. சில நாள்களில் தேறத் தொடங்கி, இரண்டு மூன்று வாரங்களில் பெரும்பாலான நாய்கள் நடக்கின்றன. மருத்துவர் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

உங்கள் கணவரின் கேள்வியைக் கல்மனம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். அவர் கேட்பது பணம், நேரம், பிறகு வரும் துக்கம் ஆகியவற்றைப் பற்றி, மூன்றும் உண்மையானவை. ஓரிரு ஆண்டு என்ற அவரது கணக்கு சரியாகவே இருக்கலாம். ஆனால் பல் வலியும் பாதத்தில் குத்தும் நகமும் இல்லாத ஓர் ஆண்டு என்பது இந்த நாய் இதுவரை வாழ்ந்திராத ஆண்டு என்பதையும் அவரோடு பேசுங்கள். அதோடு, நாயை அழைத்துவரும் முன்பே குழுவினரிடம் எழுத்தில் சிலவற்றைப் பெற்றுக்கொள்ளுங்கள். மருத்துவச் செலவை யார் ஏற்பது, எந்த மருத்துவமனை, நள்ளிரவில் அவசரம் என்றால் யாரை அழைப்பது, அவர்கள் தொலைபேசியை எடுக்காவிட்டால் சிகிச்சைக்கு ஒப்புதல் தரும் உரிமை உங்களுக்கு உண்டா, நிரந்தர வீடு கிடைக்காவிட்டால் எவ்வளவு காலம், உங்கள் வீட்டில் நோயோ பயணமோ வந்தால் நாயை யார் எடுத்துக்கொள்வார்கள் என்பதெல்லாம் தெளிவாக இருக்க வேண்டும். நல்ல மனத்தோடு தொடங்கிய எத்தனையோ பராமரிப்புகள் கசப்பில் முடிவதற்கு நோயைவிட இந்தத் தெளிவின்மையே காரணமாகிறது. கட்டி நுரையீரலுக்குப் பரவியிருப்பது தெரிந்தால், இறுதிவரை உங்களிடமே இருக்கும், மருந்துச் செலவு குழுவுடையது என்ற ஏற்பாட்டையும் பல குழுக்கள் ஏற்கின்றன; அதையும் இப்போதே கேட்டுவையுங்கள்.

கருணை மரணம் பற்றிய முடிவு யாருடையது என்பதும் அந்த எழுத்தில் இருக்கட்டும். அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் வகுத்த அளவுகோல் ஒன்று உலகெங்கும் பயன்பாட்டில் இருக்கிறது. வலி (மூச்சு விடும் சிரமமும் இதில் அடங்கும்), பசி, நீர்ச்சத்து, தூய்மை, மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாள்களைவிட நல்ல நாள்கள் கூடுதலா என்னும் ஏழையும் தனித்தனியே பத்துக்கு மதிப்பிட வேண்டும். மொத்தம் 35-க்கு மேல் இருந்தால் பராமரிப்பைத் தொடரலாம் என்பது அதன் வழிகாட்டுதல். நீங்களும் கணவரும் ஒருவர் மதிப்பெண்ணை ஒருவர் பார்க்காமல் வாரம் ஒருமுறை எழுதிப் பாருங்கள். மூச்சுத் திணறலோ கட்டுப்படாத வலியோ இருந்தால் மட்டும் மற்ற ஆறின் மதிப்பெண் எவ்வளவானாலும் காத்திருக்கக் கூடாது என்பது என் கருத்து.

வேறு வீட்டுக்கு அனுப்பினால் கைவிடப்பட்டதாக உணராதா என்ற கேள்வி உங்களைத்தான் அதிகம் வருத்துகிறது என்று நினைக்கிறேன். புதிய இடத்தில் முதல் நாள்களில் அது குழம்பும், சரியாகச் சாப்பிடாது, உங்களைத் தேடவும் செய்யும். பெரும்பாலான நாய்களில் சில வாரங்களில் இது தணிகிறது. மனிதரை நம்பலாம், கை நீண்டால் அடி விழாது, வேளைக்கு உணவு வரும் என்று உங்கள் வீட்டில் கற்றதை அது உடன் எடுத்துச் செல்கிறது; சங்கிலியிலிருந்து நேராகப் போயிருந்தால் அந்தக் குடும்பம் அதையும் முதலிலிருந்து கற்பிக்க வேண்டியிருந்திருக்கும். பிரிவை எளிதாக்க நீங்கள் செய்யக்கூடியவை உண்டு. அந்தக் குடும்பத்தினர் நாயை உங்கள் வீட்டிலேயே சில முறை சந்திக்கட்டும். கடைசிச் சந்திப்பில் மாத்திரையை அவர்களே கொடுத்துப் பழகட்டும். அதன் படுக்கையையும் விரிப்பையும் துவைக்காமல் அப்படியே கொடுத்தனுப்புங்கள். முதல் இரண்டு வாரம் உணவையும் மருந்து வேளைகளையும் மாற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். தூக்க மூச்சு எண்ணிக்கை, எடை, கட்டியின் அளவு, எந்த மருந்து எந்த வேளைக்கு, எந்தப் பக்கம் தொட்டால் பிடிக்காது, எந்த ஓசைக்கு நடுங்கும் என்று நீங்கள் எழுதிவந்த குறிப்பேட்டின் மூலப்பிரதியை அவர்களிடம் கொடுத்துவிட்டு, நகலை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். புதிய மருத்துவர் சந்தேகம் கேட்டு அழைத்தால் உங்களுக்கு அது தேவைப்படும்.